ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறதா இலக்கியம்?



'உலகம் மாறிவிட்டது; இனி இலக்கியம் எதற்கு?' என்று கேட்கும் பெற்றோர்கள் உள்ளனர். 'உலகம் எப்படி மாறினாலும் நாம் படித்தபடியேதான் இலக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்' என்னும் ஆசிரியர்களும் உள்ளனர். இரு சாராரின் கருத்தையும் நான் ஏற்பதற்கில்லை. தமிழ் இலக்கியக் கல்வி என்றுமே ஒரே நிலையில் நின்றதில்லை. காலத்திற்கேற்பத் தன்னை விரித்துக்கொண்டதால்தான் அது இன்றளவும் வாழ்கிறது.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பட்டது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போராடினார். அவர் முன்னெடுத்த 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு எளிய மக்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத மக்கள் தமிழாய்வுக்குக் கொடுத்த கொடை அது!

1961இல் அத்துறையின் பொறுப்பை ஏற்றவர் தனிநாயகம் அடிகளார். செய்யுளுக்குப் பொருள் கூறுவதோடு தமிழாய்வு நின்றுவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. பிற மொழிகளோடும் பண்பாடுகளோடும் தமிழை ஒப்பிட்டுப் பார்த்தார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெற முதற்காரணராகவும் இருந்தார். 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்த அவர், அதே 1966இல் அதைக் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார்.

'இவை பல்கலைக்கழகத்தாரின் வேலை. தொடக்கப்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு!

நம் மாணவர்கள் தமிழோடு மலாய்மொழியையும் நாள்தோறும் கற்கின்றனர். மேசை, அலமாரி, சன்னல் ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவற்றின் எதிரே மேஜா, அல்மாரி, ஜெண்டேலா என்னும் மலாய்ச் சொற்களை எழுதுங்கள். மூன்றும் போர்த்துகீசியரிடமிருந்து இரு மொழிகளுக்கும் வந்தவை. அடுத்து, கப்பல், கட்டில், கடை ஆகியவற்றை எழுதுங்கள். இவை தமிழிலிருந்து காப்பால், காத்தில், கெடாய் என மலாய்மொழிக்குச் சென்றவை. பத்து வயதுப் பிள்ளையும் இதைத் தானே கண்டுபிடித்துவிடும். ஒப்பீட்டு ஆய்வின் முதற்பாடம் இதுதான். தன் மொழி கடல் கடந்து கொடுத்தும் கொண்டும் வாழ்ந்த மொழி என்பதை அன்று அப்பிள்ளை உணரும்.

பினாங்குப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு பேறு உண்டு. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கப்பட்டதிலிருந்தே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாறு கணக்கிடப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குலாம் காதிறு நாவலர் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதியைப் பெற்றது. உலகமே வந்து பார்க்கும் இத்தெருக்களில் நடக்கும் நம் பிள்ளைகளுக்கு, இங்கே தமிழ் இதழ் அச்சான செய்தி தெரியுமா?

ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் திருக்குறளையும் ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அவைதாம் அடித்தளம், மனனமும் தேவையே. ஆனால், அடித்தளத்தோடு வீடு முடிந்துவிடுவதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய முரசு நெடுமாறன் நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி, 1997இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இந்த மண்ணின் பாடுகளைப் பாடிய கவிதைகள் நூலாகக் கையில் இருக்கும்போது, வகுப்பறையில் மாதம் ஒன்றையாவது வாசிக்கலாகாதா?

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பாடத்திட்டத்தை எப்படிப் பின்பற்றுவது என்று கற்றோம். அதற்குள்ளேயே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வகுப்பறைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின் அவ்விடம் இன்னும் விரிந்துள்ளது. ஆயினும், 'இது சோதனையில் வருமா, டீச்சர்?' என்னும் கேள்வி மட்டும் மறையவில்லை. பிள்ளைகள் அக்கேள்வியைப் பெரியவர்களாகிய நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கின்றனர்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் விருப்பப் பாடமே. நம் பிள்ளைகளில் பலருக்கு இலக்கியம் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும். அந்த ஆறு ஆண்டுகளில் நாம் எதைக் கொடுக்கிறோமோ, அதுவே அவர்கள் வாழ்நாளெல்லாம் கொண்டுசெல்லும் இலக்கியம்.

பெற்றோர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் ஒரு பழைய பாட்டையோ சொல்லையோ கேட்டுப் பிள்ளையை எழுதிவரச் செய்யுங்கள். ஆசிரியர்களே, அதை வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள். அதற்குப் புள்ளி வேண்டாம். பத்து நிமிடம் போதும்.