நோட்டைத் துப்பும் இயந்திரம்

பள்ளி விடுமுறை. கிள்ளானிலிருந்து பாட்டியுடன் பத்துமலைக்குப் புறப்படுகிறீர்கள். பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த 10 வெள்ளி நோட்டை எடுத்துத் தருகிறார். டிக்கெட் இயந்திரத்தின் வாயில் வைக்கிறீர்கள். உள்ளே இழுக்கிறது, ஒரு கணம் யோசிக்கிறது, திரும்பத் துப்புகிறது. நோட்டை நீவி, திருப்பி வைக்கிறீர்கள். மறுபடியும் துப்புகிறது. பக்கத்து இயந்திரத்தில் நோட்டுக்கு வாயே இல்லை. வங்கி அட்டை மட்டும்தான். உங்களுக்கு வயது 14. வங்கி அட்டைக்கு எங்கே போவீர்கள்? பின்னால் நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இரயில் வந்து, போயும் விடுகிறது.

இந்தக் காட்சியை ஏதாவது ஒரு நிலையத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்த நிலையம் என்பதை விடுங்கள். பணம் இருந்தும் பயணம் செய்ய முடியாமல் ஒருவர் நிற்பது ஏன்? அதற்குள் அறிவியல் இருக்கிறது. அந்த அறிவியலை யார், யாருக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறார் என்ற கேள்வியும் இருக்கிறது.

முதலில் நோட்டு. இயந்திரத்துக்கு நம்மைப்போல் கண் இல்லை. நோட்டு உருளைகளுக்கிடையே ஓடும்போது அதன் நீளத்தை அளக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி, எவ்வளவு ஊடுருவுகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிறது. கிடைத்த எண்களைத் தன் நினைவிலுள்ள மாதிரியோடு ஒப்பிடுகிறது. நம் 1 வெள்ளியும் 5 வெள்ளியும் நெகிழி நோட்டுகள். 10, 20, 50, 100 வெள்ளி நோட்டுகள் காகிதம். ஒரே இயந்திரம் இரண்டு பொருள்களையும் படிக்க வேண்டும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும், மடிந்த இடத்தில் ஒளியை வேறு மாதிரி விடும். பாட்டியின் நோட்டு அசல்தான். ஆனால் மாதிரியிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது.

எவ்வளவு விலகினால் ஏற்கலாம், எவ்வளவு விலகினால் துப்பலாம்? அந்த எல்லையை மனிதர்தான் வைக்கிறார். எல்லையைத் தளர்த்தினால் கள்ள நோட்டு நுழையும். இறுக்கினால் நல்ல நோட்டு வெளியே வரும். இரண்டு தவறுகளையும் ஒருசேர ஒழிக்க முடியாது; ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். மருத்துவப் பரிசோதனைக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் டிக்கெட் இயந்திரத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கள்ள நோட்டு நுழைந்தால் நட்டம் இயந்திரத்தின் சொந்தக்காரருக்கு. நல்ல நோட்டு திரும்பினால் நட்டம் உங்களுக்கு. எல்லையை வைப்பவரோ முதலாமவர். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று ஊகிக்கப் பெரிய கணிதம் வேண்டாம்.

இதே சிக்கலில் நம் நாட்டில் ஒரு நாணயமே காணாமல் போயிருக்கிறது. பொன்னிறத்தில் கெரிஸ் பொறித்த 1 வெள்ளி நாணயம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2005 டிசம்பர் 7-ஆம் தேதி அது செல்லாது என ஆனது. கள்ள நாணயங்கள் பெருகியது ஒரு காரணம். அசல் நாணயமே ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு வகைகளில் அச்சிடப்பட்டிருந்தது இன்னொரு காரணம். நாணயம் வாங்கும் இயந்திரம் விட்டத்தையும் தடிமனையும் உலோகக் கலவையையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது. அசலே இரண்டு விதமாக இருந்தால் அது எதை மாதிரியாகக் கொள்ளும்? இரண்டையும் ஏற்க எல்லையை அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்தினால் கள்ளனுக்கும் கதவு அகலும்.

சரி, நோட்டு வேண்டாம், அட்டைக்கு வருவோம். டச் அண்ட் கோ அட்டைக்குள் மின்கலம் இல்லை. மெல்லிய கம்பிச்சுருளும் கடுகளவு சில்லும்தான் இருக்கின்றன. வாசலிலுள்ள கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை வெளியிடுகிறது. அட்டையை அருகில் கொண்டுபோனால் சுருளில் மின்சாரம் தூண்டப்பட்டு, சில்லு விழித்துக்கொள்கிறது. படிவம் 5 இயற்பியலில் வரும் மின்காந்தத் தூண்டல் இதுதான். 1831-இல் ஃபாரடே கண்டது. சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் தூண்டல் போதாது. ஒரே பணப்பையில் இரண்டு அட்டைகள் இருந்தால் இரண்டும் விழித்துப் பேச, கருவி குழம்பும். வாசல் திறக்காததற்குப் பல நேரம் இவ்வளவுதான் காரணம்.

இந்த அட்டையில் பணத்தின் இருப்பு சில்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் வாசல் யாரையும் கேட்காமல், அரை வினாடிக்குள் கழித்துக்கொண்டு திறக்கிறது. மின்பணப்பையில் 50 வெள்ளி இருந்தும் அட்டையில் இருப்பு இல்லை என்று வாசல் மறுப்பது இதனால்தான். பெயர் ஒன்றே, ஆனால் ஒரு பணம் சில்லில் இருக்கிறது, மற்றது எங்கோ உள்ள கணினியில் இருக்கிறது. 2022-இல் வந்த புதிய வகை அட்டையில் கைப்பேசியைக் கொண்டே பணம் ஏற்றலாம். பழைய அட்டை வைத்திருக்கும் தாத்தாவுக்கு அது உதவாது.

வங்கி அட்டையின் கதை வேறு. கடையில் அதைக் காட்டினால் கேள்வி கடையின் வங்கிக்குப் போய், அங்கிருந்து அட்டையின் வங்கிக்குப் போய், பதில் திரும்ப வேண்டும். ஓரிரு வினாடி ஆகும். கடைக்கு அது பரவாயில்லை, நெரிசல் நேரத்து இரயில் வாசலுக்கு ஆகாது. இலண்டன் சுரங்க இரயிலில் 2014 செப்டம்பரில் வங்கி அட்டையை அனுமதித்தபோது இதற்கு ஒரு வழி கண்டார்கள். அட்டை போலியா என்பதையும், மறுக்கப்பட்ட அட்டைகளின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் மட்டும் வாசலிலேயே பார்ப்பார்கள். அன்றைய பயணங்கள் எல்லாவற்றையும் கூட்டி, பிறகு வங்கியிடம் கேட்பார்கள். அதாவது முதலில் பயணியை நம்பினார்கள். ஒரு பயணக் கட்டணம் வசூலாகாமல் போகும் ஆபத்தை நிறுவனம் தன் தலையில் போட்டுக்கொண்டது. எல்லையை மறுபக்கம் சாய்க்கவும் முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இது.

அதே இலண்டனில் 2014 ஜூலை முதல் பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை. ஆனால் தெருமுனைக் கடைகளில் ரொக்கம் கொடுத்து ஆய்ஸ்டர் அட்டையில் பணம் ஏற்றும் வசதியை விட்டுவைத்தார்கள். ஒரு கதவை மூடும்போது இன்னொன்றைத் திறந்து வைப்பது இப்படித்தான். நம் ஊரிலும் சில கடைகளிலும் எண்ணெய் நிலையங்களிலும் ரொக்கத்தில் அட்டைக்குப் பணம் ஏற்றலாம். ஆனால் அந்தக் கடையைத் தேடி வெயிலில் நடக்க வேண்டியவர் பாட்டி.

ரொக்கத்தைக் கையாள்வது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இயந்திரத்தைத் திறந்து பணத்தை எண்ண ஆள் வேண்டும், காவல் வேண்டும். நாணயம் சிக்கும், நோட்டு கிழியும், பழுது பார்க்க வேண்டும். நானும் பெரும்பாலும் கைப்பேசியில்தான் கட்டுகிறேன். மின்பணம் வேண்டாம் என்பவன் அல்ல நான். ஒரே வழியை மட்டும் வைத்துக்கொண்டு, அது மறுத்தால் மனிதரை வாசலில் நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

பொறியியலாளர்கள் இதை நன்கு அறிவார்கள். ஒரே இடத்தில் பழுதானால் முழு அமைப்பும் நிற்குமாறு எதையும் கட்டக்கூடாது என்பது அவர்களின் பாலபாடம். 2022 ஜூலை 8-ஆம் தேதி கனடாவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்தது. அதை நம்பியிருந்த வங்கிப் பற்று அட்டைச் சேவை நாடு முழுவதும் முடங்கியது. 2024 ஜூலை 19-ஆம் தேதி ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் அன்று விமானத்தில் ஏறும் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். தாளும் பேனாவும் இல்லாதிருந்தால் அந்தப் பயணிகள் வீட்டுக்குத்தான் திரும்பியிருப்பார்கள்.

இந்தியாவிலேயே இன்னொரு நாளையும் எண்ணிப் பாருங்கள். 2016 நவம்பர் 8 இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. அந்தக் கடுமையான அறிவிப்பிலும் முதல் சில நாள்களுக்கு விலக்கு இருந்தது: அரசு மருத்துவமனைகளும் இரயில் டிக்கெட் முகப்புகளும் பழைய நோட்டை வாங்கலாம். உடம்புக்கு முடியாதவரையும் வழியில் நிற்பவரையும் நாளைக்கு வா என்று சொல்ல முடியாது என்பது அந்த இரவிலும் புரிந்திருந்தது. சட்டை வாங்குவதைத் தள்ளிப்போடலாம், வீடு திரும்புவதைத் தள்ளிப்போட முடியுமா?

ஆகவே என் கருத்து இது. ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் இயந்திரமாவது, அல்லது ஒரு முகப்பாவது, நோட்டை வாங்க வேண்டும். எந்த இயந்திரம் எதை வாங்கும் என்பதை வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் தெரியும் அளவில், நான்கு மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும். வரிசையின் முன்னால் வந்தபின் தெரிந்துகொண்டு என்ன பயன்? மறுக்கும் இயந்திரம் காரணம் சொல்ல வேண்டும்: நோட்டு ஈரமா, மீதிச் சில்லறை இல்லையா, வங்கி பதில் தரவில்லையா? உள்ளே கணினிக்கு அது தெரியும். திரையில் மட்டும் மன்னிக்கவும் என்று காட்டுவது சோம்பேறித்தனமான வடிவமைப்பு. இயந்திரமே பழுதென்றால், இலண்டனில் செய்ததுபோல் முதலில் பயணியை நம்பி விட்டுவிட்டு, சேரும் இடத்தில் வசூலிக்கலாம்.

கொமுட்டர் ஓடத் தொடங்கியது 1995-இல். பத்துமலைக்கு அது வந்தது 2010-இல். இன்று தைப்பூசத்துக்கு எத்தனையோ குடும்பங்கள் இரயிலில்தான் வருகின்றன. அவர்களில் பலர் எந்த அட்டையை எங்கே தொட வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள் அல்லர்.

உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை இரயில் நிலையம் போகும்போது ஓர் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். டிக்கெட் இயந்திரத்துக்குச் சற்றுத் தள்ளி நின்று, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு முதல் முயற்சியிலேயே டிக்கெட் கிடைத்தது, மறுக்கப்பட்டவர்கள் எதைக் கொடுத்தார்கள், திரையில் என்ன வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய பெயரும் வேண்டாம், யாரையும் படம் எடுக்கவும் வேண்டாம். தேதி, நேரம், நிலையத்தின் பெயர் எழுதி, தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டுக்கு அனுப்புங்கள். பிரதி ஒன்றை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடமும் கொடுங்கள். ஐந்து நிலையங்களில் ஐந்து மாணவர்கள் இதைச் செய்தால், மறுக்கும் எல்லை யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் காட்ட எண்கள் கையில் இருக்கும்.