அரை மணி நேர நிம்மதியா, ஆறு வாரப் பொறுமையா?

பி.காம். படிக்கிறவனுக்கு மாத்திரையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இதுவும் கிட்டத்தட்ட கடன் கணக்குதான்!

கண்ணமங்கலத்தில் பட்டுத்தறி நெய்கிற என் அத்தைக்கு ரொம்ப நாளாகப் படபடப்பு. மனநல மருத்துவரிடம் வெளிநோயாளியாகப் போனார். இரண்டு மாத்திரை எழுதினார்கள். எஸ்சிட்டலோபிராம் தினமும், அல்பிரசோலம் இரண்டு வாரத்துக்கு மட்டும். முதலாவதில் குமட்டல்தான் மிச்சம், "ஒண்ணும் கேக்கல" என்று அத்தை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். இரண்டாவதைப் பழைய சீட்டைக் காட்டியே ஏழு மாதம் வாங்கினார். ஒருநாள் மாத்திரை கிடைக்கவில்லை. மறுநாளே கை நடுக்கம், தூக்கமில்லை. பத்து நாள் தறி நின்றது. கூலியும்தான்.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். "எது சீக்கிரம் கேட்கும்?" என்றுதானே நாம் எல்லோருமே மருந்தை ஒப்பிடுகிறோம்? அப்படிப் பார்த்தால் அல்பிரசோலம்தான் ஜெயிக்கும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடக்கிவிடும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகைக்கு 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில நாள் படபடப்பு கூடவும் செய்யலாம்.

ஆனால் அல்பிரசோலம் கைமாத்து மாதிரி. நாளாக ஆக அதே அளவு போதாது. திடீரென்று நிறுத்தினால் வட்டியோடு திரும்பும், சிலருக்கு வலிப்பே வரலாம். மற்றது போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாதிரி, பொறுத்தால்தான் பலன். 2019ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, தொடர் பதற்ற நோய்க்கான 22 மருந்துகளை 89 சோதனைகளை வைத்து ஒப்பிட்டது. எஸ்சிட்டலோபிராம் பலனும் தருகிறது, நோயாளிகளும் தாங்குகிறார்கள் என்றது. அல்பிரசோலத்தின் குடும்பம் வேலை செய்கிறது, ஆனால் தாங்குவது கடினம் என்றது.

அதற்காக ஒன்று வில்லன், மற்றது ஹீரோ என்றில்லை. எஸ்சிட்டலோபிராமால் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், அதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது. முதல் வாரங்களைத் தாண்ட அல்பிரசோலம் உதவும்.

2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலம் எச்1 பட்டியலில் இருக்கிறது. விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் பதிவேட்டில் ஏறவேண்டும். சட்டம் சரி, ஆனால் அத்தைக்குத் தேவைப்பட்டது இரண்டே வரி. "இது மெதுவாகத்தான் கேட்கும், விடாதே. அது இந்தத் தேதியோடு முடிகிறது." சீட்டிலேயே தமிழில் எழுதிக் கொடுத்தால் என்ன?

இப்போது மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார் அத்தை. தறி ஓடுகிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சாப்பிட்டால் தயவுசெய்து மாத்திரையைப் பிடுங்காதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.