கண்டெடுத்தவர் யார்?

தெற்குத் தில்லியின் வசதியான வீடுகளின் உட்புறப் படங்கள் அண்மைக்காலமாக ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கின்றன. வண்ணம் உரிந்த மர ஏணியொன்று சுவரில் சாய்ந்திருக்கும். அதன் படிகளில் பழைய புடவையிலிருந்து தைத்த விரிப்புகள் தொங்கும். துருவேறிய தகரப் பெட்டி தேநீர் மேசையாகியிருக்கும். எனாமல் குவளையில் காய்ந்த பூக்கள், ஊறுகாய் ஜாடியில் விளக்கு, செட்டிநாட்டுக் கதவின்மேல் கண்ணாடி பதித்த உணவு மேசை. ஆங்கிலேய நாட்டுப்புறக் குடிலின் சாயலில் அமைந்த இந்த அலங்காரத்துக்குக் 'காட்டேஜ்' பாணி என்று பெயர். 'விண்டேஜ்' என்ற அடைமொழியும் உடன்வரும். படத்தின் கீழே பெரும்பாலும் ஒரே பொருள்படும் வாசகம்தான்: இவை பெருங்கடையில் வாங்கியவை அல்ல, கண்டெடுத்தவை.

அந்த ஒற்றைச் சொல்லின் மீதுதான் இந்த வழக்கு. பழைய பொருளை விரும்புவதில் குற்றமில்லை. அதைக் 'கண்டெடுத்தது' தான் என்று வீட்டுக்காரர் உரிமை கொண்டாடும்போது, அதற்கு முன்பே கண்டெடுத்த ஒருவரின் உழைப்பு அழிக்கப்படுகிறது. அழகியல் என்ற பெயரில் நடப்பதால் அந்த அழிப்பு கண்ணில் படுவதில்லை.

கண்டெடுத்தல் என்றால் குனிந்து எடுத்தல். தில்லியில் குனிகிறவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் மிதிவண்டியில் 'கபாடி' என்று கூவிக்கொண்டு தெருத் தெருவாக வருபவர் ஒருவர். குப்பைமேட்டில் தரம் பிரிப்பவர் இன்னொருவர். எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்து வந்து, வாசலில் அமர்ந்து, பழந்துணிக்குப் பண்டமாற்றுச் செய்யும் வாக்ரி சமூகப் பெண்கள் வேறொரு சாரார். அவர்கள் சேர்த்த துணி ரகுபீர் நகர்ச் சந்தையில் விடியலுக்கு முன்பே கைமாறத் தொடங்கிவிடும். மானிடவியலாளர் லூசி நோரிஸ் இந்தியப் பழந்துணியின் பயணத்தைப் பற்றி 2010இல் வெளியிட்ட நூல் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விவரிக்கிறது. நடுத்தர வர்க்க வீட்டின் அலமாரியிலிருந்து வெளியேறிய பட்டுப்புடவை, பாத்திரத்துக்கு மாற்றப்பட்டு, சந்தையில் தரம் பிரிக்கப்பட்டு, வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, மெத்தை உறையாகி மீண்டும் வசதியான வரவேற்பறைக்கே வந்துசேர்கிறது. எந்தச் சரிகை வெட்டத் தகுந்தது, எந்தக் கரை காப்பாற்றத் தகுந்தது என்று முதலில் பார்த்தறிந்த கண் அந்தப் பெண்ணுடையது. பாராட்டைப் பெறும் கண்ணோ கடைசியாக வாங்கியவருடையது.

மரச்சாமான்களின் கதையும் இதுவே. லாஜ்பத் நகரை ஒட்டிய அமர் காலனியின் சந்தைக்குப் பழைய நாற்காலி உடைந்த கால்களோடு வருகிறது. தச்சர் பொருத்துவாயைப் பிரித்துச் சீராக்குகிறார். பிரம்பு பின்னுபவர் இருக்கையை மீண்டும் நெய்கிறார். மெருகு போடுபவர் பழைய பூச்சைச் சுரண்டுகிறார். வாங்குபவருக்குப் பழமை போதவில்லையென்றால், புதிதாகப் பூசிய வண்ணத்தின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, ஐம்பது ஆண்டுத் தேய்மானத்தை ஒரு பிற்பகலில் உண்டாக்கித் தருகிறார்கள். நாள் முழுதும் மரத்தூளைச் சுவாசிக்கும் அந்தக் கைகள் படத்தில் இல்லை. அந்தத் தேய்மானம் 'காலத்தின் கவிதை' என்று வருணிக்கப்படுகிறது. காலத்தின் வேலையைச் செய்தவர் பெற்றது ஒரு நாள் கூலி.

தமிழருக்கு இந்த வணிகம் அயலானதன்று. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்ற கூவலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பயனற்றுப்போன எதையும் 'பேரீச்சம்பழத்துக்குத்தான் போடவேண்டும்' என்று எள்ளும் வழக்கும் அங்கிருந்தே வந்தது. அந்த எள்ளலில் பொருளின் மதிப்பு மட்டுமன்றி, அதை வாங்க வந்தவரின் மதிப்பும் சேர்ந்தே தாழ்த்தப்பட்டது. செட்டிநாட்டில் பங்காளிகளிடையே பிரிந்து, பராமரிக்க ஆளின்றி, இடிக்கப்பட்ட மாளிகைகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கப்பட்டன. விடுதிகளும் பெருநகர வீடுகளும் அவற்றைத் தேடி வந்தன. அந்தக் கதவின் நிலையில் கஜலட்சுமியைச் செதுக்கிய ஆசாரியின் பெயர் அன்றும் எழுதப்படவில்லை. கதவைச் சேதமின்றிக் கழற்றி இறக்கிய கூலியாளின் பெயர் இன்றும் எழுதப்படுவதில்லை. விற்ற குடும்பத்தின் பெருமையும் வாங்கியவரின் ரசனையும் மட்டும் கதையாகின்றன.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள மைக்கேல் தாம்ப்சன் 1979இல் எழுதிய 'குப்பைக் கோட்பாடு' உதவுகிறது. பொருள்கள் இருவகை என்று அவர் சொன்னார்: நாளுக்கு நாள் மதிப்புக் குறைபவை, நாளுக்கு நாள் மதிப்புக் கூடுபவை. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு எந்தப் பொருளும் நேராகச் செல்வதில்லை. இடையில் மதிப்பே இல்லாத 'குப்பை' என்ற நிலையைக் கடந்தே செல்லமுடியும். விக்டோரியா காலத்துப் பட்டு நெசவுப் படங்களையும், இடிக்கத் தகுந்தவை எனக் கருதப்பட்டுப் பின்னர் நடுத்தர வர்க்கத்தாரால் மீட்கப்பட்ட இலண்டன் இஸ்லிங்டன் வீடுகளையும் அவர் சான்றாகக் காட்டினார். ஒரு பொருளைக் குப்பையிலிருந்து அரும்பொருளாக உயர்த்தும் ஆற்றல் சமூகத்தில் எல்லோருக்கும் சமமாக இல்லை என்பதே அவருடைய வாதத்தின் கூர்முனை.

இந்தியாவில் இக்கோட்பாட்டோடு இன்னொன்றைச் சேர்த்தாக வேண்டும். குப்பை என்ற நிலை இங்கே சாதியின் நிலமும்கூட. தில்லியின் பிளாஸ்டிக் கழிவு வணிகத்தை ஆராய்ந்த காவேரி கில், அந்த வணிகத்தில் காட்டீக் சமூகத்தினர் பெற்ற இடத்தையும், கழிவைத் தொடுவதோடு ஒட்டிக்கொண்ட தீட்டுணர்வையும் விரிவாகப் பேசியிருக்கிறார். பொருள் குப்பையாக இருக்கும் காலம் முழுவதும் அதைத் தொட்டுக் காப்பவர்கள் தாழ்த்தப்பட்டவர்களும் இஸ்லாமியரும் புலம்பெயர்ந்த ஏழைகளும்தான். அது அரும்பொருளாகும் நொடியில் அவர்கள் கையிலிருந்து நழுவுகிறது. பொருளின் தீட்டு கழிந்துவிடுகிறது. தொட்டவரின் தீட்டு கழிவதில்லை. ஏணியை எடுத்துச் சென்ற கபாடிக்காரர் குடியிருப்பின் வாயிற்கதவோடு நிறுத்தப்படுகிறார். அதே ஏணி வரவேற்பறையின் நடுவில் நிற்கிறது.

பல்கலைக்கழகத்தாருக்கு இன்னும் நெருக்கமான சான்று சண்டிகரின் நாற்காலிகள். 1950களில் அந்நகரின் அலுவலகங்களுக்கும் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்குமாகத் தேக்கிலும் பிரம்பிலும் செய்யப்பட்டவை அவை. பின்னாளில் உடைந்தவையென ஒதுக்கப்பட்டு, மொட்டைமாடிகளிலும் கிடங்குகளிலும் குவிக்கப்பட்டு, பழைய சாமான்களாக ஏலம் விடப்பட்டன. அவற்றை வாங்கிச் சீரமைத்த ஐரோப்பிய வணிகர்கள் பன்னாட்டு ஏலங்களில் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றனர். 2011இல் ஒன்றிய உள்துறை அமைச்சகம் தலையிட்டு அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. இன்று அந்த நாற்காலிகள் பியர் ஜான்னரேயின் பெயரால் அறியப்படுகின்றன. திட்டக்குழுவில் அவரோடு மரச்சாமான் வடிவமைப்பில் பங்கேற்ற இந்தியக் கட்டடக் கலைஞர் ஊர்மிளா யூலி சௌத்ரியின் பெயரைக் கேட்டவர் குறைவு. மரத்தை அறுத்து இழைத்த உள்ளூர்ப் பட்டறைக்காரர்களின் பெயர்களோ ஏலப் பட்டியலுக்குத் தேவைப்படவே இல்லை. குப்பை நிலையிலிருந்து ஒரு பொருள் மீளும்போது யாருடைய பெயர் அதனுடன் மீள்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

'காட்டேஜ்' என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அகராதி அதற்குத் தரும் தமிழ்ச் சொற்களில் முதன்மையானது 'குடிசை'. செல்வர்கள் குடிசையை நடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். பிரான்சின் அரசி மரீ அந்த்வானெத் 1783இல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் தனக்கென ஒரு பொய்க் கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். புதிய சுவர்கள் பழையனவாகத் தோன்றவேண்டும் என்பதற்காக விரிசல்களை வண்ணத்தால் தீட்டினார்கள். அமர் காலனியின் உப்புத்தாள் அந்தத் தூரிகையின் வாரிசு.

நிஜக் குடிசைக்குத் தில்லி தரும் மரியாதை வேறு. தில்லியின் ஜுக்கிகளைவிடக் கண்டெடுத்த பொருள்களால் ஆன வீடு எதுவுமில்லை. இடித்த வீட்டின் கதவு, விளம்பரப் பதாகையின் கூரை, எண்ணெய்த் தகரத்தை விரித்த சுவர், யாரோ கழித்துவிட்ட பீரோ. காட்டேஜ் பாணி போற்றும் ஒட்டுவேலையும் மறுபயன்பாடும் அங்கே பிழைப்பின் இலக்கணம். அமர் காலனியிலிருந்து அதிக தூரமில்லாத ஜங்புராவில், பாராபுலா வடிகாலின் கரையில், பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் அப்படிப்பட்டதுதான். அங்கிருந்த பெண்களில் பலர் சுற்றுப்புறக் குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்தவர்கள். வடிகாலைத் தூர்வாரவேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று ஏறத்தாழ 370 குடிசைகள் கொண்ட அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனப் பட்டியலிடப்பட்டவர்களுக்கு நகரின் வடக்கு விளிம்பிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது; எஞ்சியவர்களுக்கு அதுவும் இல்லை. வெள்ளநீர் வடியவேண்டும் என்ற தேவையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் இடிபாட்டிலிருந்து பிழைத்த ஒரு கதவு, வண்ணம் உரிந்த கோலத்தில் ஏதேனும் சந்தையை அடைந்து, ஒரு வரவேற்பறையில் 'காட்டேஜ்' அழகைப் பெறுமானால், அந்த அழகு எதன்மேல் நிற்கிறது என்று கேட்காமலிருக்க இயலாது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது சூழலியல் சார்ந்தது: புதிய மரத்தை வெட்டுவதைவிடப் பழையதை வாங்குவது நல்லதல்லவா? ஐயமின்றி நல்லது. காஜிப்பூர்க் குப்பைமலையைக் கண்ட எவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் அந்த நற்பயனின் பெரும்பங்கை ஈட்டியவர், பொருள் அந்த மலையை அடையாமல் தடுத்தவர். வீட்டுக்காரர் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டவர். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பை சேகரிப்போரை அங்கீகரித்தன. அலங்காரப் படங்களோ அவர்களை இன்னும் அங்கீகரிக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு: இந்த ரசனையால் அவர்களுக்கும் வருமானம் கூடுகிறதே? கூடலாம். ஆனால் கபாடிக்காரர் எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிறார். பொருள் அழகுக்கு விற்கப்படும் இடம் அவருக்குப் பல படிகள் மேலே இருக்கிறது. மேலும் இந்த ரசனை தன் ஊற்றையே காப்பதில்லை. தரியாகஞ்சில் நேதாஜி சுபாஷ் சாலை நடைபாதையில் தலைமுறைகளாக நடந்துவந்த ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை, 2019 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவால் அங்கிருந்து அகற்றப்பட்டது. வியாபாரிகளின் போராட்டத்துக்குப் பின்னரே அவ்வாண்டு செப்டம்பரில் மகிளா ஹாட் வளாகத்துக்கு அது இடம் மாறியது. பழைய புத்தக அடுக்கைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த இடைப்பட்ட வாரங்களில் குரல் கொடுத்தார்கள்?

பழைய பொருளோடு வாழ்வதற்கு இன்னொரு முறையும் இதே நகரில் உண்டு. முனீர்காவிலும் கட்வாரியா சராயிலும் ஆய்வு மாணவர்களின் அறைகளில் உள்ள மேசை, கட்டில், கூலர் எதுவும் முதல் கையாக வந்ததில்லை. ஊருக்குத் திரும்பும் ஒருவர் அடுத்து வருபவருக்கு விற்றுச் செல்கிறார்; கால் ஆடினால் செங்கல் வைக்கிறார்கள். அந்த மேசையில் எழுதியே ஆய்வேடுகள் முடிக்கப்படுகின்றன. அதற்கு யாரும் பாணிப் பெயர் சூட்டுவதில்லை. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் பெயரும் ஊரும் உடனே சொல்லப்படும்.

அந்த விடையைத்தான் வரவேற்பறைகளிடமும் கேட்கவேண்டியிருக்கிறது. ஒரு சோழர்காலச் செப்புத்திருமேனி எந்தக் கோயிலிலிருந்து எவர் கைமாறி வந்தது என்று அருங்காட்சியகங்களைக் கேள்வி கேட்கப் பயின்றவர்கள் ஆய்வாளர்கள். அதே கேள்வியை வீட்டின் ஏணியிடமும் தகரப் பெட்டியிடமும் கேட்கத் தடையேதுமில்லை. எந்தச் சந்தை, எந்தத் தச்சர், எந்தப் பிரம்புக்காரர் என்று எழுதுவதற்கு ஒரு வரி போதும். சொன்ன விலையை அடித்துப் பேசாமல் கொடுப்பது அடுத்தது. சந்தை அகற்றப்படும்போது, 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குத் தரும் உரிமையின் பக்கம் நிற்பது மூன்றாவது. இவற்றைச் செய்தவர் தம் வீட்டை எந்தப் பாணியில் வேண்டுமானாலும் அழகுபடுத்திக்கொள்ளட்டும்.

'கண்டெடுத்தேன்' என்ற சொல்லை மட்டும் உரியவரிடமே விட்டுவிடவேண்டும். அவர் நாளைக் காலையிலும் அதே தெருவில் கூவிக்கொண்டு வருவார்.