மீட்ட அதிகாரம் அமைச்சர்களோடு நின்றுவிடக் கூடாது: பிரெக்ஸிட் பற்றிய எமது நிலைப்பாடு

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது பற்றி 2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பின் முடிவை எமது அமைப்பு ஏற்றுக்கொள்கிறது. மக்களிடம் மறுபடி கேட்காமல் அந்த முடிவைப் பின்கதவால் மாற்றும் எந்த முயற்சிக்கும் நாம் துணை போகமாட்டோம். அதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்கிறோம். இறைமையை மீட்கப்போவதாகச் சொல்லி மக்களிடமிருந்து பெற்ற ஆணை, பிரஸ்ஸல்ஸில் இருந்த அதிகாரத்தை லண்டன் அமைச்சர்களின் மேசைவரை கொண்டுவந்து அங்கேயே நிறுத்திவிட்டது. விலக வாக்களித்தவரும் தங்கியிருக்க வாக்களித்தவரும் இன்று ஒன்றுபோல் சலித்துப் போயிருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது எமது கருத்து.

தமிழர்களான எம் உறுப்பினரில் இரு தரப்பாரும் இருக்கிறார்கள். வாக்குரிமையே எம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. பிரித்தானியாவில் வசித்த பொதுநலவாய நாட்டவருக்கு அன்று வாக்கு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களில் அயர்லாந்து, மோல்டா, சைப்பிரஸ் நாட்டவரைத் தவிர ஏனையோருக்கு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு வந்த தம்பி வாக்களித்தார். ஜேர்மனியிலோ நெதர்லாந்திலோ குடியுரிமை பெற்று, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக இங்கு குடிபெயர்ந்த அண்ணர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அண்ணர்தான் இங்கு தொடர்ந்து வாழும் உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த விடயத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களாக நாம் பேசவில்லை.

வாக்களித்தோர் 72.2 சதவீதம். அவர்களில் 51.9 சதவீதத்தினர் விலகச் சொன்னார்கள். ஸ்கொட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதமும் தங்கச் சொன்னார்கள். எப்படி விலகுவது என்ற கேள்வி வாக்குச்சீட்டில் இருக்கவில்லை. அதற்குப் பதில் தேடிய அன்றைய பிரதமர் தெரேசா மேயின் ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் மக்கள் சபை 230 வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தது. மார்ச்சில் இன்னும் இரண்டு தடவை நிராகரித்தது. விலகும் நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 2020 ஜனவரி 31 வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், தங்கள் வாக்கை யாரோ விழுங்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகத்தோடு ஒரு கோடியே 74 இலட்சம் பேர் காத்திருந்தார்கள். அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்கியவர்கள் பெரும் தவறு செய்தார்கள்.

ஆனால் அந்தச் சந்தேகத்தில் பிறந்த கோபத்தை நீதிமன்றங்களின் மீது திருப்பியதை நாம் ஏற்கவில்லை. விலகல் அறிவித்தலைக் கொடுக்கப் பாராளுமன்றத்தின் சட்டம் வேண்டும் என்று 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னபோது, அந்த நீதிபதிகளை மக்களின் எதிரிகள் என்று ஒரு நாளேடு முதற்பக்கத்தில் எழுதியது. 2019 செப்டெம்பரில், மேக்கு அடுத்து வந்த பிரதமர் பாராளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைத்ததை உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஏகமனதாகச் செல்லாது என்றார்கள். இரண்டு தீர்ப்புகளும் விலகலைத் தடுக்கவில்லை. இந்த நாட்டின் இறைமை பாராளுமன்றத்தில் இருக்கிறது, அமைச்சரவை அதைத் தாண்டிப் போக முடியாது என்றே அவை சொல்லின.

விலகிய பிறகு நடந்தவையே எம்மை அதிகம் கவலைகொள்ள வைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தோடான வர்த்தக ஒப்பந்தம் 2020 டிசெம்பர் 24ஆம் திகதி எட்டப்பட்டது. ஆயிரத்து இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த ஆவணத்துக்குரிய சட்டமூலத்தை டிசெம்பர் 30ஆம் திகதி ஒரே நாளில் இரு சபைகளும் நிறைவேற்றின. வாசித்து முடிக்கவே நேரமில்லாத ஒன்றுக்கு மக்கள் பிரதிநிதிகள் கையுயர்த்தினார்கள். இயற்றப்பட்ட சட்டங்களையே அமைச்சரின் ஒழுங்குவிதியால் திருத்த இடம்கொடுக்கும் அதிகாரத்துக்கு இங்கே எட்டாம் ஹென்றி மன்னரின் பெயரைச் சொல்வார்கள். அந்த வகை அதிகாரங்கள் 2018 விலகல் சட்டத்திலும் இருந்தன. 2023இல், எஞ்சியிருந்த ஐரோப்பியச் சட்டங்களை நீக்கவும் மாற்றவும் வந்த சட்டத்திலும் இருந்தன.

அவுஸ்திரேலியாவோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்தையும் பாருங்கள். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சர்வதேச உடன்படிக்கையை 21 அமர்வு நாட்கள் பாராளுமன்றத்தில் வைத்தால் போதும். அதை எதிர்த்து வாக்களிக்க மக்கள் சபைக்கு நேரம் ஒதுக்குவதும் அரசின் கையில்தான் இருக்கிறது. இறைச்சி, பாற்பண்ணை விவசாயிகளின் எதிர்காலத்தைத் தொட்ட அந்த ஒப்பந்தம் பிரித்தானியாவுக்கு அவ்வளவு நல்லதல்ல என்று ஜோர்ஜ் யூஸ்டிஸ் 2022 நவம்பரில் சபையில் ஒப்புக்கொண்டார். பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் சுற்றாடல் அமைச்சராக இருந்தவர் அவர். பதவியிலிருந்து இறங்கிய பின்னர்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

வேல்ஸுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தமானது. மேற்கு வேல்ஸும் சுரங்கப் பள்ளத்தாக்குகளும் ஐரோப்பிய நிதியுதவியை மிக உயர்ந்த அளவில் பெற்ற பகுதிகள். எப்பு வேல் உருக்காலை 2002இல் மூடப்பட்ட பிளைனோ குவெண்டில் 62 சதவீதத்தினர் விலக வாக்களித்தார்கள். உதவி வாங்கியவர்கள் நன்றி மறந்தார்கள் என்று லண்டனில் பலர் பேசினார்கள். அந்தப் பேச்சில் எமக்கு உடன்பாடில்லை. வேலை போன ஊருக்கு வீதியும் கட்டடமும் வந்தன. எது வேண்டும் என்று அந்த ஊரைக் கேட்டவர் குறைவு. விலகலுக்குப் பிறகு, கார்டிஃபிலுள்ள வேல்ஸ் அரசு நிர்வகித்துவந்த அந்த நிதிக்குப் பதிலாக, லண்டன் அரசு தானே விதிகளை வகுத்த புதிய நிதியத்தை ஏற்படுத்தியது. முடிவெடுக்கும் இடம் கார்டிஃபைத் தாண்டி லண்டனுக்குப் போனது. 2020ஆம் ஆண்டின் உள்நாட்டுச் சந்தைச் சட்டமும் ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பாராளுமன்றங்கள் சம்மதம் மறுத்த பிறகும் நிறைவேற்றப்பட்டது.

குடிவரவு பற்றி மௌனமாக இருக்க முடியாது. எல்லையைக் கட்டுப்படுத்துவோம் என்று வாக்குக் கேட்டார்கள். 2023 ஜூன் வரையான ஓராண்டில் நிகர குடிவரவு ஒன்பது இலட்சத்தைத் தாண்டியது. அதற்கு வழிவிட்ட விசா விதிகள் முழுக்க லண்டனில் எழுதப்பட்டவை. குடிவரவு விதிகளை உள்துறை அமைச்சு மாற்றும்போது பாராளுமன்றத்தால் அவற்றில் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. முழுவதையும் நிராகரிக்கலாம், அவ்வளவுதான். இது தெரியாத மக்களின் ஆத்திரம், அழைக்கப்பட்டு வந்து முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் இரவு வேலை செய்பவர்களின் மீது விழுகிறது. அவர்களில் எம்மவரும் உண்டு. அந்த விதிகளுக்கு அமைச்சர்களே பதில் சொல்ல வேண்டும்.

2025 மே 19ஆம் திகதி லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு மீண்டும் ஒரு நெருக்கம் தொடங்கியது. ஐரோப்பியப் படகுகளுக்கான மீன்பிடி அனுமதி 2038 வரை நீடிக்கப்பட்டது. உணவு, விலங்கு, தாவரப் பொருட்களில் ஐரோப்பிய விதிகள் மாறும்போது இங்கும் மாற்றிக்கொள்ள இணக்கம் காணப்பட்டது. எல்லையில் சான்றிதழ்களால் நொந்துபோன சிறு வியாபாரிகளுக்கு இது உதவும் என்பதால் நோக்கத்தை ஆதரிக்கிறோம். ஆனால் ஒவ்வொரு புதிய விதியும் சட்டமாகுமுன் மக்கள் சபையின் குழு ஒன்று அதை ஆராய வேண்டும், மறுக்கும் உரிமையும் அதற்கு வேண்டும். ஒன்றியத்தின் விதிகளை எழுதும் மேசையில் எமக்கு இடமில்லாத நிலையில் இந்தக் காவலையும் விட்டுவிட்டால், 2016இல் விலகச் சொன்னவர்களின் முறைப்பாடு முன்னையிலும் நியாயமாகிவிடும்.

ஆகவே எல்லா வர்த்தக ஒப்பந்தங்களுக்கும் மக்கள் சபையின் கட்டாய வாக்கெடுப்பு வேண்டும். குடிவரவு விதிகளைத் திருத்தும் உரிமை பாராளுமன்றத்துக்கு வேண்டும். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றின் சபைகள் சம்மதம் மறுத்தால் அதை மீறிச் சட்டம் இயற்றுவதை நிறுத்த வேண்டும். ஒன்றியத்தில் மீண்டும் சேர விரும்பும் கட்சி அதைத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் வெளிப்படையாக எழுதி, நிபந்தனைகள் தெளிவான பிறகு இன்னொரு சர்வசன வாக்கெடுப்பு நடத்த வேண்டும். இம்முறை இங்கு நிரந்தரமாக வாழும் ஐரோப்பியக் குடிமக்களுக்கும் வாக்கு இருக்க வேண்டும். அடுத்த பொதுத்தேர்தலில் எம் மக்கள் வாழும் தொகுதிகளின் எல்லா வேட்பாளர்களிடமும் இவற்றை எழுத்தில் கேட்போம். வரும் பதில்களையும், பதில் தராதவர்களின் பெயர்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுவோம்.