கம்பளி போட்டால் போதுமா?

கனடா நாட்டில் வின்னிபெக் என்று ஒரு நகரம். ஜனவரி மாத இரவில் அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போவது சாதாரணம். காரில் ஹீட்டர் சரியாகச் சுடாவிட்டால், இன்னொரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. இது தவறு!

பெட்ரோல் காரின் ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. என்ஜினைச் சுற்றி, உறையாமல் இருக்க மருந்து கலந்த தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீரின் சூடுதான் காற்றில் ஏறி உள்ளே வருகிறது. ஆகவே, ஹீட்டர் சுடாதது என்ஜின் தரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

முதலில் தண்ணீர் அளவைப் பார்க்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காவிட்டால் ஒருநாள் என்ஜினே கெட்டுப்போகும்.

அளவு சரி. நெடுநேரம் ஓடியும் சூடு காட்டும் முள் ஏறவில்லையா? தெர்மாஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். முள் ஏறியும் சூடு வரவில்லையா? ஹீட்டர் குழாயில் அடைப்பு இருக்கலாம்.

ஒன்று முக்கியம். என்ஜின் ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்!

கண்ணாடியில் படியும் பனியை விலக்குவதும் ஹீட்டர்தான். அது இல்லாவிட்டால் பாதை தெரியாது. கம்பளி உடம்பைக் காக்கும். காரில் இருக்கும் குழந்தைகளை விபத்திலிருந்து காக்குமா?