300/190 – தலைவர் நல்லாத்தான் இருக்காரு!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டுற ஆசாமி. கீழே இருக்கிறது படிச்சுத் தெரிஞ்சுகிட்டதும் அதுமேல என் சொந்தக் கருத்தும். மாத்திரை விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் சட்டம்.

பி.பி.ன்னாலே நம்ம மனசுல ஒரு படம் ஓடும். சினிமாவுல பண்ணையார் கத்துவார், முகம் சிவக்கும், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில சாய்வார். "டென்ஷன் ஆகாதீங்க, பி.பி. ஏறிடும்"னு பக்கத்துல ஒரு அம்மா அழுவாங்க. ஆளைக் கொல்றதே இந்தப் படம்தான்கிறது என் கட்சி. கத்துறவனுக்குத்தான் பி.பி., எனக்குத் தலைகூட சுத்தல, அதனால எனக்கு இல்லைன்னு ஒவ்வொருத்தரும் தனக்குத்தானே சர்டிபிகேட் கொடுத்துக்கிறாங்க.

சர்டிபிகேட்னு சொன்னதும் நினைவுக்கு வர்றவர் அமெரிக்க ஜனாதிபதி ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1935ல அவர் ரத்த அழுத்தம் 136/78. 1937ல 162/98. 1941ல 188/105. கிராஃப் போட்டா ஸ்கூல் பையன்கூட எங்கே போய் முடியும்னு சொல்லிடுவான். ஆனா அவரோட சொந்த டாக்டர் மெக்கின்டயர் காது மூக்கு தொண்டை நிபுணர். தலைவருக்கு சைனஸ், ஜலதோஷம், வயசுக்கு நல்லாவே இருக்காருன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தார்.

1944 மார்ச்ல ஹோவர்ட் ப்ரூயென்னு ஒரு இளம் இதய மருத்துவர் முதல்முறையா முழுசா பரிசோதிச்சுப் பார்க்கிறார். 186/108, இதயம் வீங்கி இருக்கு, மூச்சு வாங்குது. டிஜிட்டாலிஸ் கொடுத்தார், உப்பைக் குறைச்சார், சிகரெட்டைக் குறைச்சார், ஓய்வு எடுக்கச் சொன்னார். அவர் கையில இருந்ததே அவ்வளவுதான். ஜூன் 1944ல நார்மண்டியில படை இறங்கின சமயம் 226/118. இந்த நிலைமையிலதான் நாலாவது தடவை தேர்தல்ல நின்னார், ஜெயிச்சார், 1945 பிப்ரவரியில யால்டா வரைக்கும் போய் உலகத்தைப் பங்கு பிரிக்கிற பேச்சுவார்த்தையில உட்கார்ந்தார்.

ஏப்ரல் 12, 1945. ஜார்ஜியாவுல வார்ம் ஸ்பிரிங்ஸ்ங்கிற ஊர்ல ஒரு ஓவியர் அவரை வரைஞ்சுக்கிட்டு இருக்கார். மதியம் ஒரு மணியைத் தாண்டினதும் பின்மண்டையில பயங்கரமா வலிக்குதுன்னு சொல்லி மயங்கி விழுந்தார். ப்ரூயென் ஓடி வந்து அளந்தப்போ 300/190. மூளையில ரத்தக்கசிவு. 3.35க்கு உயிர் போயிடுச்சு. வயசு 63. யாரும் எதிர்பார்க்காத திடீர் மரணம்னுதான் வெளியே சொன்னாங்க. பத்து வருஷ ரீடிங் கையில இருக்கு, இதுல என்னங்க திடீர்? அவரோட மருத்துவக் கோப்பும் அப்புறம் காணாமப் போச்சு. ப்ரூயென் 1970ல கட்டுரையா எழுதினப்புறம்தான் இந்த எண்கள்ல பாதி வெளியே வந்தது.

இதுல என்னை ரொம்ப உறுத்துறது வேற. அடிக்கடி வந்து பி.பி. பார்க்கிற டாக்டர்கிட்ட "எனக்கு என்னய்யா?"ன்னு ரூஸ்வெல்ட் ஒரு தடவைகூட கேட்கலையாம். சொல்லக்கூடாதுன்னு டாக்டருக்கும் உத்தரவு. கேட்கிறவன் கேட்கல, சொல்றவன் சொல்லல. நம்ம வீடுகள்ல தினமும் நடக்கிற நாடகம்தான், மேடைதான் பெருசு.

(யால்டா மேசையில இருந்த இன்னொருத்தர் ஸ்டாலின். ஓய்வு எடுங்கன்னு சொன்ன டாக்டரை 1952ல தூக்கி ஜெயில்ல போட்டார். 1953ல அவரும் மூளை ரத்தக்கசிவுலதான் போனார். டாக்டரை நம்பாததுல நம்ம பெருசுகளுக்கு அண்ணன்!)

அந்தக் காலத்துமேல முழுப்பழியும் போட முடியாது. அழுத்தம் ஏறுறது உடம்பு தானே பண்ணிக்கிற சரிக்கட்டல், அதுல கை வைக்காதேன்னு பெரிய டாக்டர்களே எழுதின காலம். ரொம்ப முத்திப்போய் கண் நரம்பு வீங்கின நிலைமையில வந்தவங்க அஞ்சு பேர்ல நாலு பேர் ஒரு வருஷத்துக்குள்ள இறந்துட்டாங்கன்னு 1939 கணக்கு ஒண்ணு இருக்கு. டியூக் பல்கலைக்கழகத்துல கெம்ப்னர்னு ஒருத்தர் உப்பில்லாத வெறும் சோறும் பழமும் கொடுத்தே சிலரை இறக்கிக் காட்டினார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு வளர்ந்த நமக்கு அது மருந்தா தண்டனையான்னு தெரியல :-)

1958 வாக்குல நல்ல மாத்திரை வந்துச்சு. 1967ல அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள்ல 143 ஆண்களை வச்சு ஒரு ஆய்வு. எல்லாருக்கும் கீழ் எண் 115லேர்ந்து 129க்குள்ள. மாத்திரை சாப்பிட்டவங்கள்ல மோசமான பாதிப்பு 2 பேருக்கு, வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 27 பேருக்கு. அதுக்கப்புறம் வாதாட என்ன இருக்கு?

ஆனா வாதாடுவோம்! எங்க மாமா மாத்திரை சாப்பிட்டா 130, "நார்மல் ஆயிடுச்சுல்ல"ன்னு நிறுத்துவார், அடுத்த மாசம் 190. மாப்ளே, நார்மல் ஆனதே மாத்திரையாலதான்னு அவருக்கு யார் சொல்றது? சர்வர் ஓடுதேன்னு மின்விசிறியைக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போற கதை. அந்த மாத்திரை ஒண்ணு ஒரு டீ காசைவிடக் கம்மி. இந்தியாவுல 22 கோடிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கலாம், கட்டுக்குள்ள வச்சிருக்கிறது 12 சதவீதம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ரூஸ்வெல்ட்டுக்கு மருந்தே இல்லாமப் போச்சு. நமக்கு என்ன கேடு?

பெருசுகளை விடுங்க, நம்ம செட்டு மட்டும் என்ன ஒழுங்கு? கூட வேலை பார்க்கிற நண்பனுக்கு வயசு 31. ஆபீஸ் ஹெல்த் செக்கப்ல ரெண்டு தடவை அளந்தும் 184/122. அளந்தவங்க "மாடிப்படி ஏறி வந்திருப்பீங்க"ன்னு ரிப்போர்ட்டைக் கையில கொடுத்து அனுப்பிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு ஸ்கிரீன்ல எழுத்து மங்குதுன்னு கண்ணாடி மாத்தப் போனான். கண் டாக்டர் விழித்திரையில ரத்தக்கசிவைப் பார்த்துட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதுக்குள்ள சிறுநீரகமும் அடி வாங்கியாச்சு. இந்த வயசுல இவ்வளவு ஏறினா சிறுநீரகத்துக்குப் போற ரத்தக்குழாய், அட்ரினல் சுரப்பி எல்லாம் பார்க்கணுமாம். "ஐ.டி. வேலை, டென்ஷன்"னு ஒரே வார்த்தையில மூடறது சோம்பேறித்தனம்.

180/120ஐத் தாண்டினா என்னங்கிறதுல ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் வராதது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு, இதுல ஏதாவது கூட வந்தா உறுப்பு அடி வாங்குதுன்னு அர்த்தம். உடனே 108. கர்ப்பிணின்னா 160/110க்கே ஓடணும். எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்து ஃபேன் போட்டுவிடற நேரம் இல்ல அது.

இந்த அறிகுறி எதுவும் இல்லாம எண் மட்டும் அதிகம்னா, அஞ்சு நிமிஷம் பேசாம உட்கார்ந்து திரும்ப அளந்து பாருங்க. அப்பவும் இறங்கலைன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட பேசி மருந்தைச் சரி பண்ணணும், ஒரே அடியா இறக்கக்கூடாது. ரொம்ப நாளா உயர் அழுத்தத்துக்குப் பழகின மூளைக்கு திடீர்னு அழுத்தம் குறைஞ்சா ரத்தம் பத்தாமப் போய் அதனாலேயே பக்கவாதம் வரலாம். அவசர சிகிச்சையிலகூட பெரும்பாலும் முதல் மணி நேரத்துல கால் பங்குக்கு மேல இறக்கமாட்டாங்க. நிஃபெடிபின் கேப்ஸ்யூலை ஓட்டை போட்டு நாக்குக்கு அடியில விடற பழக்கத்தை நிறுத்துங்கய்யான்னு 1996லயே மருத்துவ இதழ்ல எழுதியாச்சு. யாராவது ஆர்வக்கோளாறுல நீட்டினா வேண்டாம்னு சொல்லுங்க.

உங்க வீட்லயும் மாத்திரையை நிறுத்திட்டு "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சுத்தற பெருசு இருந்து, வழிக்குக் கொண்டு வந்திருந்தீங்கன்னா எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. ரூஸ்வெல்ட் கதையை எங்க மாமாகிட்ட சொல்லிப் பார்த்தேன். "அவரு ஜனாதிபதி, அவருக்கு டென்ஷன் இருக்கும்ல"ங்கிறார்.