எட்டு போக நெல்லும் ஒரு சின்ன வீடும்



"உங்களுக்கென்ன, மனை சொந்தம். கிராமத்துல வீடு கட்டுறது சல்லிசுதானே?" சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரத் தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டார். அவர் போனதும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

எங்க அப்பா 1982ல வீடு கட்டினார். செங்கல் எங்க வயல் மண்ணுலயே காளவாய் போட்டுச் சுட்டது. உத்திரத்துக்கு எங்க கொல்லைப் பனைமரம். ஓடும் தச்சர் கூலியும்தான் பெரிய செலவு. மண்ணு குழைக்க அக்கம்பக்கத்து ஆளுங்களே வந்தாங்க. அவங்க வீட்டு வேலைக்கு அப்பா போவார்.

இப்ப கம்பி, சிமெண்ட், எம் சாண்ட், ஜல்லி எல்லாமே லாரியில வரணும். சிமெண்ட் மூட்டை சென்னையிலயும் எங்க ஊர்லயும் ஏறக்குறைய ஒரே விலைதான். உள்ளடங்கின ஊருன்னு லாரி வாடகை வேற கூட. ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு மணலுக்கு அலையறோம்.

550 சதுர அடிக்கு எங்க கொத்தனார் சொன்ன தொகை 11 லட்சம். 2025-26 பருவத்துல சன்ன ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அப்ப வீட்டோட விலை 432 குவிண்டால். அறுபது கிலோ மூட்டையில 720 மூட்டை. என்னோட மூணு ஏக்கர்ல போகத்துக்கு 90 மூட்டை கண்டாலே நல்ல விளைச்சல். உரம் போடாம, கூலி கொடுக்காம, நாங்களும் சாப்பிடாம இருந்தா எட்டு போகத்துல வீடு கட்டலாம்!

2025 செப்டம்பர்ல சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டியை 28 சதவீதத்துலேர்ந்து 18 ஆக்கினாங்க. நல்ல காரியம்தான். ஆனா வீட்டுச் செலவுல சிமெண்ட் ஒரு பங்குதானே. கூலி ஏறினதை நான் குறை சொல்லமாட்டேன். கொத்தனாரும் சித்தாளும் இதே விலைவாசியிலதான் பொழைக்கணும்.

குடிசையில இருக்கிறவங்களுக்குக் கலைஞர் கனவு இல்லத்துல மூன்றரை லட்சம் கிடைக்குது. எங்களுது ஓட்டு வீடு, அதுக்குள்ள வராது. பேங்குல வீட்டுக்கடன் கேட்டா சம்பளச் சீட்டு கேக்கறாங்க. விவசாயிக்கு ஏது சம்பளச் சீட்டு? மாசத் தவணையா இல்லாம, அறுவடைக்கு அறுவடை கட்டற மாதிரி வீட்டுக்கடன் கொடுக்கணும்கிறது என் கருத்து. பயிர்க்கடனுக்கு அப்படித்தானே தவணை வைக்கிறாங்க?

"தளம் போட்ட வீடு இல்லன்னா பொண்ணு கொடுக்க யோசிக்கறாங்கப்பா. ஒரு ஏக்கரை வித்துடலாம்"னான் மகன். அவன் கஷ்டம் புரியுது. ஆனா நிலத்தை வித்துக் கட்டின வீட்டுல உட்கார்ந்து எதைச் சாப்பிடறது? முன்பக்க ஓட்டு வீட்டை அப்படியே வச்சுக்கிட்டு, பின்னால ஒரு அறையும் கழிவறையும் மட்டும் தளம் போட்டுக் கட்டறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன். பொண்ணு கொடுக்கறவங்க வீட்டோட வயலையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

தம்பி அடுத்த தடவை வந்தா ஓட்டு வீட்டுத் திண்ணையிலதான் படுக்கணும். காத்து நல்லா வரும்.